அப்பா தைக்காத பாவாடைகள்

கிரெய்கிபர்ன், மெல்பர்ன்
18 நவம்பர் 2024

அன்பு மருமகள் திவ்யதர்ஷினிக்கு மாமன் மோகனதாஸ் எழுதுவது.

இங்கே நானும் என் இடது முழங்காலும் என் வலது முழங்காலும் தனித்தனியே சௌக்கியம். மூவரும் சேர்ந்து படியேறும்போதுதான் கருத்து வேறுபாடு வருகிறது. அங்கே வெஸ்ட்மீட்டில் உன் ஆஸ்பத்திரி வேலை எப்படிப் போகிறது? உன் எக்ஸ்ரே மெஷினுக்கு முன்னால் வந்து நிற்கிற எலும்புகள் எல்லாம் நலமா? உன் அம்மா, அதாவது என் அக்கா வள்ளியம்மா, காலையில் ஒழுங்காகப் பசியாறுகிறாளா? இல்லை, இன்னும் மைலோவில் ரெண்டு பிஸ்கட்டை நனைத்துவிட்டு அதையே சாப்பாடு என்று சாதிக்கிறாளா?

போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். போனில் எனக்குப் பாதிதான் காதில் விழுகிறது. மீதியை நானே இட்டுக்கட்டிக்கொள்கிறேன். போன மாதம் அப்படித்தான் உனக்கு நானே ஒரு பதவி உயர்வு கொடுத்து, தெருவில் நாலு வீட்டுக்கு லட்டும் கொடுத்துவிட்டேன். ஆகவே கடிதம்.

பூமி தன் அச்சில் தானாகவே சுழல்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். தவறு. கிளென்டாரக் ஹைலண்டர்ஸ் படையின் மெல்பர்ன் சங்கம் வருடத்துக்கு ஒரு தள்ளு தள்ளுவதால்தான் அது சுழல்கிறது. உனக்கு மறந்திருக்கும். அது ஸ்காட்லாந்துப் படை. கில்ட் என்கிற கட்டம் போட்ட மடிப்புப் பாவாடை கட்டிக்கொண்டு பாதி உலகத்தைப் பயமுறுத்தியவர்கள். 1968-இல் அரசாங்கம் படையைக் கலைத்துவிட்டது. அதில் இருந்த நாற்பத்து மூன்று பேர் மெல்பர்னுக்கு வந்து சேர்ந்து, படை போனால் போகட்டும், பெயர் போகக் கூடாது என்று சங்கம் வைத்தார்கள். இன்று அந்த மாபெரும் சங்கத்தில் தலைவர் ஒருவர், செயலாளர் ஒருவர், பொதுமக்கள் யாரும் இல்லை. தலைவர், எண்பத்தேழு வயது டகல் லெய்ங், இருபத்திரண்டு வருடம் என் பக்கத்து வீட்டுக்காரர். இப்போது பத்து நிமிடக் கார் தூரத்தில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். செயலாளர் அடியேன்.

இந்தச் சங்க வேலையாகத்தான் ஒரு உதவி. அக்காவின் ஆல்பத்தில் உன் தாத்தா படம் ஒன்று வேண்டும். உட்கார்ந்த படமாக இருக்கட்டும். விரல்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். பின்னால் ரயில், கொடி, டிக்கெட் கவுண்டர் எதுவும் தெரியக் கூடாது. காரணம் பிறகு.

அக்காவுக்கு என் வணக்கத்தில் முக்கால் பங்கைக் கொடுத்துவிட்டு மீதியை நீ எடுத்துக்கொள்.

கிரெய்கிபர்ன் நாடாளும்,
மாமன்


வெஸ்ட்மீட், சிட்னி
1 டிசம்பர் 2024

அன்பு மாமாவுக்கு,

உங்க மூணு பேரும் சௌக்கியம்னு படிச்சு சந்தோஷம். இங்கே நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு சுகர் கட்டுப்பாட்டில் இருக்கு. பிஸ்கட் விஷயம் நீங்க சொன்னது சரிதான், ஆனா நான் சொன்னதாகச் சொல்லாதீங்க.

ஆல்பத்தை இறக்கினோம். அம்மாவுக்கு ஒரே குஷி. தம்பி வீட்டில் அப்பா படத்தை மாட்டப் போறான்னு முடிவே பண்ணிட்டாங்க. தைப்பிங் வீட்டு வாசலில் தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற படத்தை எடுத்து வச்சிருக்காங்க. பத்து விரலும் இருக்கு, நான் எண்ணிப் பார்த்தேன். ரயில்வேயில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர் படத்தில் ரயில் தெரியக் கூடாதுன்னா என்ன அர்த்தம்னு அம்மா கேக்கறாங்க. எனக்கும் அதே கேள்விதான்.

அந்தச் சங்கத்தில் ரெண்டு பேர் உட்கார்ந்து என்னதான் செய்வீங்கன்னும் கேட்டாங்க. அத்தை போன பிறகு நீங்க தவறாமல் போற ஒரே இடம் அதுதானே. எழுதுங்க.

உடம்பைப் பார்த்துக்கோங்க.

உங்கள் திவ்யா


கிரெய்கிபர்ன்
12 டிசம்பர் 2024

பத்து விரலையும் எண்ணிய மருமகளுக்கு,

நான் நலம். லெய்ங் துரையும் நலம். போன வாரம் அவர் இருமிய இருமலில் இல்லத்தின் கூரை ஓடுகள் இரண்டு இடம் மாறின. டாக்டர் வெறும் சளி என்று சொல்லிவிட்டார். உங்கள் இருவர் சுகத்துக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கற்பூரம் காட்டுகிறேன்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்றா கேட்டாய்? கேள்.

படை கலைக்கப்பட்ட நாள் ஏப்ரல் 12. வருடா வருடம் அன்று மதியம் விருந்து. முதலில் சூப். சூப் முடிந்ததும் பெயர் வாசிப்பு. நம் தைப்பிங்கில் முகாம் போட்டிருந்தபோது மலாயாக் காட்டுச் சண்டையில் இறந்த பத்தொன்பது பேர், மெல்பர்னில் இறந்த நாற்பத்திரண்டு பேர், ஆக அறுபத்தொரு பெயர். ஒவ்வொரு பெயரையும் வாசித்ததும் அந்த மனிதனைப் பற்றி யாராவது ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஒரே வாக்கியம். வீரம், தியாகம் என்றெல்லாம் சொல்லக் கூடாது. 'இவன் கடிதம் வந்தால் பிரிக்காமல் ஒரு நாள் வைத்திருப்பான்.' 'இவனுக்கு முட்டை ஆகாது.' அப்படி. உண்மையாக இருக்க வேண்டும். கொஞ்சம் ஜோடித்தாலும் மேசையில் கரண்டியால் தட்டுவார்கள். தட்டு வாங்கியவன் புட்டிங் வரும்வரை நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். சேர்ந்ததற்கு அடுத்த மூன்று வருடம் நான் உட்கார்ந்து சாப்பிட்டதாக ஞாபகமே இல்லை.

இப்போது சொல்வதற்கு லெய்ங் ஒருவர்தான். அவர் சொல்கிறார், நான் மினிட் புத்தகத்தில், அதாவது சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டில், எழுதுகிறேன். அவ்வளவுதான் எங்கள் சங்கம்.

ஸ்காட்லாந்தில் அந்தப் படைக்கு ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. மே மாதம் அங்கே புது அறை திறக்கிறார்கள். நம் அப்பாவின் படம் அங்கே போகிறது. என்ன, உலகப் புகழ் நம் குடும்பத்துக்குக் கொஞ்சம் தாமதமாக வருகிறது. படத்தின் கீழே போடவேண்டிய வாசகத்தை இங்கிலீஷில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இலக்கணம் பார்த்துக் கொடு. அவசரம்.

உடம்பைக் கவனித்துக்கொள். சிட்னி வெயிலில் அக்காவை வெளியே விடாதே.

பெருமை தாங்காத,
மாமன்


வெஸ்ட்மீட்
5 ஜனவரி 2025

அன்பு மாமாவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை. அம்மாவுக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்லை.

உங்க தாளில் இலக்கணப் பிழை ரெண்டே ரெண்டு. அம்மா சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சு அதைத் தமிழில் சத்தமாகப் படிச்சுக் காட்டினேன். அது என் தப்பு.

'கல்யாணசுந்தரம், தைப்பிங் நகரின் தலைசிறந்த தையற்காரர். 1957 முதல் 1959 வரை கிளென்டாரக் படையின் இரண்டாயிரம் கில்ட்களையும் தன் கையாலேயே தைத்தவர்.'

அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாங்க. படிச்சேன். "அப்பாவுக்கு ஊசியில் நூல் கோக்கவே தெரியாதே"ன்னாங்க. பிறகு எழுந்து, மேசையில் இருந்த படத்தை ஆல்பத்தில் வச்சு, ஆல்பத்தை அலமாரியில் வச்சுப் பூட்டிட்டாங்க. அது நடந்து மூணு வாரம் ஆச்சு. உங்க பேரை எடுத்தா டிவி சத்தத்தைக் கூட்டிடறாங்க.

மாமா, தாத்தா ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவர்தானே? யார் இந்தத் தையற்காரர்?

திவ்யா


கிரெய்கிபர்ன்
20 ஜனவரி 2025

அன்பு திவ்யாவுக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் இப்போது நம்பமாட்டாய். ஆனாலும் இருக்கிறேன். உங்கள் நலமும் வேண்டும்.

நான்கு தடவை இந்தக் கடிதத்தை வேடிக்கையாக ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். கிழித்த தாள்கள் ஒரு குன்றாகி, அதன் உச்சியில் பனி உறைந்திருக்கிறது. பார், நிற்கமாட்டேன் என்கிறது என் கை. சரி, நேராகச் சொல்கிறேன்.

2011. உன் அத்தை கேத்ரின் இறந்துபோன வருடம். ஏப்ரலில் ஒருநாள் லெய்ங் வேலிக்கு மேலே தலையை நீட்டி, சட்டை மாற்றிக்கொண்டு வா, விருந்துக்குப் போகலாம் என்றார். போனேன். அப்போது ஏழு பேர் உயிரோடு இருந்தார்கள். படையில் இருந்தவர்கள், படைக்கு வேலை செய்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், இவர்களுக்கு மட்டும்தான் அந்த மேசையில் இடம். அது எனக்குத் தெரியாது. மீசைக்காரக் கிழவர் ஒருவர், இந்த ஆள் நமக்கு என்ன வேண்டும் என்று லெய்ங்கைக் கேட்டார். லெய்ங் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். நான் தைப்பிங்காரன், அங்கே உங்கள் பாவாடைகளைத் தைத்தது என் தகப்பனார் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்காதே. சொன்னதும் அந்த ஏழு கிழவர்களும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். உறுப்பினர் பட்டியலில் அங்கேயே என் பெயரை எழுதினார்கள். ஒரே ஒரு வாக்கியம்தான், மருமகளே. அதற்குப் பிறகு பதின்மூன்று வருடமாக அதற்குச் சாப்பாடு போட்டு வளர்த்து வருகிறேன். அருங்காட்சியகத்து அம்மையாருக்கு எழுதிய ஒரு கடிதத்திலும் அதை உலாவ விட்டேன். அவர் மகிழ்ந்துபோய்ப் படம் கேட்கிறார். படிவம் மார்ச் கடைசிக்குள் போக வேண்டும். தலைவர் என்ற முறையில் லெய்ங் கையெழுத்துப் போட வேண்டும்.

சங்கத்தின் நான்காம் விதி: பொய் சொல்லிச் சேர்ந்தவரைக் கூட்டம் கூட்டி, ஓட்டெடுத்து நீக்க வேண்டும். பதினோராம் விதி: இரண்டு உறுப்பினர் இல்லாவிட்டால் சங்கம் கலையும். நான் உண்மையைச் சொன்னால், அறுபத்தொரு பெயரையும் இனி யாரும் வாசிக்கமாட்டார்கள். சொல்லாவிட்டால், அப்பா காலாகாலத்துக்கும் ஒரு ஸ்காட்லாந்துச் சுவரில் தையற்காரராக உட்கார்ந்திருப்பார்.

அக்காவிடம் என்ன சொல்வாயோ, சொல்.

மாமன்


வெஸ்ட்மீட்
9 பிப்ரவரி 2025

அன்பு மாமாவுக்கு,

நலமா? இங்கே நலம். எக்ஸ்ரே பிரிவில் ஆள் பற்றாக்குறை, இரட்டை ஷிஃப்ட். அதனால்தான் தாமதம். அது மட்டும் இல்லை, என்ன எழுதறதுன்னும் தெரியலை.

உங்க கடிதத்தை அம்மாகிட்ட கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கிட்டு முழுசாகப் படிச்சாங்க. அத்தை பேர் வந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினாங்க. மடிச்சு என்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க.

"அப்பா பத்தலையாமா அவனுக்கு?"



மாமா, கோபப்படாதீங்க. உங்க பொய்யெல்லாம் எனக்குப் பிடிக்கும். சின்ன வயசில் நீங்க லீவுக்கு வந்தா மெல்பர்னில் கங்காரு தபால் கொண்டுவரும்னு சொல்லுவீங்க, நம்பிக்கிட்டு இருந்தேன். ஆனா இது அந்த மாதிரி இல்லை. நீங்களும் இந்தத் தையற்காரர் கதையை எங்ககிட்ட ஒரு கடிதம் முழுக்கச் சொல்லாமலே விட்டீங்க. சொல்லக் கூடாதுன்னு தெரிஞ்சதால்தானே விட்டீங்க?

லெய்ங்கிட்ட போய்ச் சொல்லிடுங்க. அவர் கையெழுத்துப் போடறதுக்கு முந்தி.

அன்புடன்,
திவ்யா


கிரெய்கிபர்ன்
3 மார்ச் 2025

அன்பு திவ்யாவுக்கு,

முழங்கால்கள் சௌக்கியம். மற்றதெல்லாம் சுமார். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

மூன்று தடவை போனேன். முதல் தடவை, சொல்லத் தொடங்கும்போது நர்ஸ் மாத்திரை கொண்டுவந்தாள். அவர் விழுங்கியது இரண்டே மாத்திரைதான். அதற்குள் என் தைரியம் எழுந்து கார் பார்க்கைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டாம் தடவை அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. எழுப்பியிருக்கலாம்.

மூன்றாம் தடவை அவரே படிவத்தைக் கேட்டார். படித்தார். பேனா கொடு தாஸ் என்றார். பேனாவில் மை இல்லை என்றேன். என் சட்டைப் பையில் அப்போது மூன்று பேனா இருந்தது, மூன்றும் வெளியே தெரியும்படி. அவர் அவற்றைப் பார்த்தார். சரி, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்.

இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. அக்கா ஏதாவது சொன்னாளா?

மாமன்


கிரெய்கிபர்ன்
17 மார்ச் 2025

அன்பு மருமகளுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை, இது காத்திருக்காது. நான் நலம். இன்றைக்கு நிஜமாகவே நலம். முழங்கால்கூட ஒத்துழைக்கிறது.

நேற்று சொல்லிவிட்டேன்.

இல்லத்தின் முன்னறையில் ஜன்னலோரம் இருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். என் தகப்பனார் தையற்காரர் இல்லை, ரயில்வே டிக்கெட் கிளார்க். உங்கள் படைக்கு ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை. நான் சொன்னது பொய். இத்தனையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் காது மெஷினைச் சரி செய்துகொண்டு, இன்னொரு தடவை சொல் என்றார். இன்னொரு தடவை சொன்னேன். அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனையிலேயே பெரிய தண்டனை.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தாஸ், தைப்பிங்கில் இரண்டு வருடம் நான் துணி ஸ்டோரில் கார்ப்பரல். அந்த வெயிலில் எல்லோருக்கும் அரைக்கால் சட்டைதான். கில்ட், பைப் வாத்தியம் ஊதுகிறவர்களுக்கு மட்டும். மொத்தம் பதினெட்டு. வெள்ளிக்கிழமை தோறும் எண்ணி அடுக்கினது நான். அத்தனையும் ஸ்காட்லாந்தில் தைத்து வந்தது."

பதினெட்டு, மருமகளே. நான் இரண்டாயிரம் என்று எழுதியிருந்தேன்.

அப்படியானால் அன்றைக்கே தெரியுமா என்று கேட்டேன். சூப் வருவதற்கு முன்பே தெரியும் என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன். கேத்ரின் போன பிறகு மூன்று மாதமாக உன் வீட்டு மஞ்சள் மூடிக் குப்பைத் தொட்டியில் பீட்சா டப்பா மட்டும்தான் இருந்தது, அன்றைக்குத்தான் நீ ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாய் என்றார். ஜன்னலுக்கு வெளியே பார்க்கும்படி எதுவும் இல்லாவிட்டாலும் இருவரும் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தோம்.

அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தாயா? அவர் படைக்காரர். விதி விதிதான் என்று அங்கேயே அவசரக் கூட்டம் கூட்டினார். தலைவர் வந்திருக்கிறார், செயலாளர் வந்திருக்கிறார், ஆக எல்லோரும் ஆஜர். நான்காம் விதியை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். நீக்க வேண்டும் என்போர் கை தூக்கலாம் என்றார். நான் தூக்கினேன். விளையாட்டுக்கு இல்லை திவ்யா, மனசாரத் தூக்கினேன். அந்தக் கையைத் தூக்கும்போது வந்த நிம்மதி, பதின்மூன்று வருடமாக எந்த மேசையிலும் எனக்கு வரவில்லை.

நீக்க வேண்டாம் என்போர் என்றார். அவரே கை தூக்கினார். தோள் வலி, அதனால் மெதுவாகத்தான் ஏறியது. ஒன்றுக்கு ஒன்று. சமமாக இருந்தால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு என்பது ஏழாம் விதி. அதற்காக அதே கையை இறக்கிவிட்டு மறுபடி தூக்கினார். நான் உறுப்பினராகத் தொடர்கிறேன். சங்கம் தொடர்கிறது. மினிட் புத்தகத்தில் என் குற்றத்தை என் கையெழுத்திலேயே எழுதவைத்தார். அருங்காட்சியகத்துக்கும், தையற்காரர் யாரும் இல்லை, மன்னிக்கவும் என்று எழுதிப் போட்டாயிற்று.

ஆனால் ஒரு உத்தரவு. ஏப்ரல் 12 விருந்தில் அறுபத்தொரு பெயரும் முடிந்தபின் நான் எழுந்து நின்று என் தகப்பனாரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். உண்மையான வாக்கியம்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எனக்கு வரவில்லை. பேனாவை எடுத்தால் அப்பா தடம் புரண்ட ரயிலைத் தோளால் முட்டி நிறுத்துகிறார், கவர்னருக்கே டிக்கெட் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார். எல்லாம் நான் செய்த அப்பா. பத்தொன்பது வயதில் மெல்பர்னுக்குப் படிக்க வந்துவிட்டேன். அவர் வேலை செய்கிறதை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. பார்த்தது அக்கா.

அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது என்று சொல். பத்தாமல் இல்லை. எனக்கு அவரைத் தெரியாது, அவ்வளவுதான். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு. ஒரே ஒரு வாக்கியம் கடனாகக் கேட்கிறேன் என்று சொல்.

மாமன்


வெஸ்ட்மீட்
2 ஏப்ரல் 2025

மோகனுக்கு அக்கா எழுதுவது.

உடம்பு எப்படி இருக்கு? தூக்கம் இல்லைன்னு எழுதியிருந்தே. ராத்திரி காப்பியை நிப்பாட்டு. எனக்கு ஒண்ணும் இல்லை. திவ்யா மேல கோவப்படாதே, உன் மார்ச் மாசத்துக் கடிதம் ரெண்டுக்கும் நான்தான் அவளைப் பதில் எழுத விடலை.

நான் எழுதி ரொம்ப வருஷம் ஆச்சு. எழுத்து கோணலாக இருக்கும்.

அப்பா பெரிசாக ஒண்ணும் செய்யலை. எட்டு வயசில் நான் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோவேன். ரயில் லேட்டுன்னா போர்டில் எழுதிப் போட்டாலே போதும், அதுதான் சட்டம். அப்பா கவுண்டரை விட்டு வெளியே வந்து, பிளாட்பாரத்தில் இருக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், எவ்வளவு லேட், ஏன் லேட்டுன்னு சொல்லுவார். மலாய்க்காரங்களுக்கு மலாயில், சீனனுக்கு சீனத்தில் நாலு வார்த்தை, வெள்ளைக்காரனுக்கு அவனோட பாஷையில். தூங்கறவங்களை எழுப்பமாட்டார். பக்கத்தில் இருக்கிறவங்ககிட்ட சொல்லிட்டு வருவார். அவ்வளவு பேர்கிட்டயும் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சோறு ஆறிடும்.

இதில் எதையாவது நீ கூட்டிச் சொன்னதாகத் தெரிஞ்சா நான் அங்கே வந்துருவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

வள்ளியம்மா


கிரெய்கிபர்ன்
13 ஏப்ரல் 2025

அன்பு அக்காவுக்குத் தம்பி மோகன் எழுதுவது.

நான் சுகம். உன் கையெழுத்து கோணல் இல்லை. தைப்பிங்கில் எனக்கு வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்த அதே எழுத்துதான். காப்பியை நிறுத்திவிட்டேன். மூன்று ராத்திரியாகத் தூங்குகிறேன். நான் விடும் குறட்டையால் பக்கத்துத் தெருவில் ஆட்கள் வீட்டை விற்றுக்கொண்டு போகிறார்கள். இந்தக் கடிதத்தில் இது ஒன்றுதான் பொய்.

விருந்து நேற்று நடந்தது. இல்லத்தின் சாப்பாட்டு அறையை ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்தார்கள். லெய்ங் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். பக்கத்து மேசையில் இருந்தவர்களும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். சூப் முடிந்தது. நான் பெயர்களை வாசித்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் சொன்னார். நான்கு பேருக்குப் போன வருடம் சொன்னதையே சொன்னார். இரண்டு பேருக்கு ஞாபகம் வரவில்லை. மினிட் புத்தகத்தைப் புரட்டி நான் எடுத்துக் கொடுத்தேன். ஆமாம், அதுதான் என்றார். ஒரு பெயரும் சும்மா போகவில்லை.

அறுபத்தொன்றும் முடிந்ததும் எழுந்து நின்றேன். என் தகப்பனார் கல்யாணசுந்தரம், தைப்பிங் ஸ்டேஷனில் டிக்கெட் கிளார்க். ரயில் தாமதமானால் கவுண்டரை விட்டு வெளியே வந்து, காத்திருக்கிற ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லுவார். அவ்வளவுதான் சொன்னேன். உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சிறிய பேச்சு அது. சொல்லி முடித்த பிறகுதான், அதைச் சொன்னது என் குரல் மாதிரியே இல்லை என்று தோன்றியது. கொஞ்சம் அப்பா குரல் மாதிரி இருந்தது. இதுவும் ஜோடனையா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை அக்கா, அப்படித்தான் இருந்தது.

லெய்ங் கரண்டியைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்.

"உன் அப்பாவை எனக்கு ஞாபகம் இல்லை, தாஸ். இருக்கிறது என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த ஸ்டேஷனில் நாங்கள் நிறையக் காத்துக் கிடந்திருக்கிறோம். யாரோ வந்து, இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முகத்தைப் பார்த்ததில்லை. சொன்னதும் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு எல்லோரும் படுத்துவிடுவோம். இரண்டு வருடத்தில் நாங்கள் பயமில்லாமல் தூங்கினது அங்கேதான்."

அந்த இடத்தில் லெய்ங் துள்ளி எழுந்து, அவர்தான், அவரேதான் என்று கத்தினார் என்று எழுத என் விரல்கள் துடிக்கின்றன. எழுதமாட்டேன். யாரோ என்றுதான் சொன்னார். மினிட் புத்தகத்தில் அறுபத்தோராம் பெயருக்குக் கீழே அப்பா பெயரை எழுதி, அதற்கு நேரே அப்படியே எழுதி வைத்தேன்: யாரோ வந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.

லெய்ங் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை பேனா நான் கொடுத்தேன்.

திவ்யாவுக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள், அக்கா.

உன் தம்பி,
மோகன்